கணினி விளையாட்டுக்கு விலை குறைய வேண்டுமா?

ஒரு பொருளுக்கு உரிய விலை யாது என்னும் வினா மிகப் பழமையானது. செய்தவனின் உழைப்பே விலைக்கு அளவுகோல் என்பர் சிலர். வாங்குவோன் எவ்வளவு கொடுக்க இசைகிறானோ அதுவே விலை என்பர் வேறு சிலர். அரிசிக்கும் துணிக்கும் கேட்கப்பட்டு வந்த அவ்வினா, இன்று நம் பிள்ளைகளின் மின்னணு விளையாட்டுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே விளையாட்டு, ஒரே கதை, ஒரே கலைஞர் குழு. அதனைக் கணினியிலும் ஆடலாம். தொலைக்காட்சியோடு இணைக்கப்படும் ‘கன்சோல்’ என்னும் தனிப் பெட்டியிலும் ஆடலாம். இவ்விரண்டுக்கும் ஒரே விலை வைத்தல் முறையா? கணினிப் பதிப்புக்கு விலை குறைவாக இருத்தல் வேண்டுமா?

குறைவாகத்தான் இருத்தல் வேண்டும் என்போர் தொகை பெரிது. அவர்தம் வாதம் எளியது: “கன்சோல் விளையாட்டை வெளியிடுவோர் பெட்டியைச் செய்த கம்பெனிக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டும். கணினிக்கு அத்தகைய எசமானர் எவருமிலர். ஆகவே அத்தொகையை விலையிலிருந்து கழித்துவிடுதலே நேர்மை” என்பது அது. இவ்வாதத்தில் உண்மை எவ்வளவு, காலங்கடந்த கணக்கு எவ்வளவு என்பதை இங்கு ஆராய்வோம். விளையாட்டுச் சாமானுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பிள்ளை ஆடுவது விளையாட்டேயாயினும், தந்தை கொடுக்கும் பணம் விளையாட்டன்று.

பெட்டியின் பொருளியல்

கன்சோல் வாணிகத்தின் வரலாற்றை அறியாமல் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. 1983ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் இவ்விளையாட்டு வாணிகம் பெருஞ்சரிவு கண்டது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்றிருந்த நிலையில், தரங்கெட்ட சரக்குகள் கடைகளில் குவிந்தமை அச்சரிவின் காரணங்களுள் ஒன்று. அதன்பின் 1985இல் அமெரிக்கச் சந்தையுள் நுழைந்த ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் ஒரு பூட்டுடன் வந்தது. பெட்டியினுள் ஒரு சில்லு. விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜினுள் அதற்கு இணையான மற்றொரு சில்லு. இரண்டும் ஒத்துப் பேசினாலன்றி விளையாட்டு ஓடாது. அச்சில்லு வேண்டுமெனின் நிண்டெண்டோவிடம் உரிமம் பெற வேண்டும். கார்ட்ரிட்ஜை அந்நிறுவனத்தின் வாயிலாகவே செய்விக்க வேண்டும். ஓர் ஆண்டில் ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது. வெளியிட்டதை ஈராண்டுகளுக்குப் பிறர் பெட்டிக்குக் கொடுக்கலாகாது. இவ்வாறு தரத்தைக் காக்கும் வேலியும் சுங்கச்சாவடியும் ஒருங்கே எழுந்தன.

பெட்டியை மலிவாகக் கொடுத்து, அதனுள் இடும் விளையாட்டில் இலாபம் எடுப்பது இவ்வாணிகத்தின் வழக்கமாயிற்று. சவரக் கத்தியின் பிடியை மலிவாகக் கொடுத்து அலகில் சம்பாதிப்பது போன்றதே இது. முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துப் பின்னர்ச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் முறையை அனுபவித்த தோட்டத்து முன்னோரின் வழிவந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தம் எக்ஸ்பாக்ஸ் பெட்டியின் விற்பனையில் ஒருபோதும் இலாபம் கண்டதில்லை என்று மைக்ரோசாப்ட் அலுவலர் ஒருவர் 2021ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்துள்ளார்.

ஆயினும் இதனை எல்லார்க்கும் பொதுவான விதியாகக் கொள்வதும் பிழையே. நிண்டெண்டோவின் ‘வீ’ பெட்டி இலாபத்துக்கே விற்கப்பட்டது. 2020இல் 499 டாலருக்கு வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 பெட்டி அதன்பின் நட்டத்துக்கு விற்கப்படவில்லை என்று சோனி நிறுவனம் 2021இலேயே அறிவித்தது. அப்பெட்டியின் விலை பழங்கால வழக்கப்படி நாளடைவில் இறங்குவதற்கு மாறாக, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 549.99 டாலராக ஏறியது. பெட்டியில் நட்டம், ஆகவே விளையாட்டில் விலை என்னும் சமாதானம் ஆண்டுக்காண்டு மெலிந்து வருகிறது என்பது இதனாற் பெறப்படும்.

கணினிக்கு எசமானர் இலரா?

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினி, பூட்டில்லாத வீடு போன்றது. அதற்கு நிரல் எழுதுவோர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எவர்க்கும் உரிமைத்தொகை கட்டவேண்டியதில்லை. நெகிழ்தட்டில் பதித்துக் கடையில் வைத்தால் போதும். கன்சோல் உலகில் கார்ட்ரிட்ஜ் என்பதோ விலையுயர்ந்த நினைவுச் சில்லுகளைக் கொண்டது. 1996இல் வந்த நிண்டெண்டோ 64 பெட்டியின் கார்ட்ரிட்ஜ்களுள் சில 70 டாலர் வரை விற்றன. அதே காலத்தில் குறுந்தகட்டில் வந்த விளையாட்டுகள் 50 டாலருக்கும் அதற்குக் குறைவாகவும் கிடைத்தன. ஆகவே அக்காலத்தில் ‘கணினிக்கு விலை குறைய வேண்டும்’ என்று சொன்னவர்கள் நியாயமே சொன்னார்கள். உரிமைத்தொகையும் இல்லை, சில்லுச் செலவும் இல்லை என்றால் விலை ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்?

அந்த நியாயம் 2005ஆம் ஆண்டின் இறுதியிற் கண்கூடாயிற்று. எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது பெரிய கன்சோல் விளையாட்டுகளின் விலை 50 டாலரிலிருந்து 60 டாலருக்கு ஏறியது. கணினிப் பதிப்புகளோ பெரும்பாலும் 50 டாலரிலேயே நின்றன. இன்று முதிர்ந்த ஆட்டக்காரர்கள் ‘பத்து டாலர் வேறுபாடு’ என்று நினைவுகூர்வது அந்தச் சில ஆண்டுகளையே.

ஆனால் அதற்கு முன்பே கணினியின் வாயிலிலும் ஒரு காவற்காரன் வந்து நின்றுவிட்டான் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையைத் தொடங்கியது. 2004இல் வெளியான ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டைக் கடையில் தட்டாக வாங்கியவரும் ஸ்டீம் வழியாகவே ஆட வேண்டியிருந்தது. பிற வெளியீட்டாளரும் பின்னர் அக்கடையில் சேர்ந்தனர். கடைக்காரரின் பங்கு விற்பனையில் 30 விழுக்காடு. கன்சோல் கம்பெனிகளின் இணையக் கடைகளும் எடுப்பது பொதுவாக அதே 30 விழுக்காடுதான். 2018இல் ஸ்டீம் தன் பங்கைத் தளர்த்தியபோதும், ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட விற்பனைக்கு 25 விழுக்காடு, ஐந்து கோடிக்கு மேற்பட்டதற்கு 20 விழுக்காடு என்றுதான் வைத்தது. மிகுதியாக விற்கும் பெரியவனுக்கே சலுகை; சிறியவனுக்கு முழுச் சுங்கம்.

எனவே, ‘கணினிக்கு உரிமைத்தொகை இல்லை, ஆகவே விலை குறைய வேண்டும்’ என்னும் வாதத்தின் முதற்பகுதியே இன்று பழுதுபட்டுவிட்டது. பெயர் மாறியதேயன்றிப் பிடித்தம் மாறவில்லை.

இரண்டு நிகழ்ச்சிகள்

பொதுப்படப் பேசுவதினும் நடந்தவற்றை எடுத்துக்காட்டி ஆராய்தல் நன்று. இரண்டு விளையாட்டுகளை ஒப்பு நோக்குவோம்.

முதலாவது, 2009 நவம்பரில் வெளிவந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’. அதன் கணினிப் பதிப்புக்கும் கன்சோல் பதிப்பைப் போலவே 60 டாலர் விலை வைக்கப்பட்டது. இதில் வியப்பு விலையேற்றம் மட்டுமன்று. அதற்கு முந்தைய பதிப்பில் ஆட்டக்காரர்கள் தாமே தனி வழங்கிக் கணினி அமைத்து, தம் விருப்பப்படி போட்டி நடத்தும் வசதி இருந்தது. புதிய பதிப்பில் அவ்வசதி நீக்கப்பட்டது. கணினி ஆட்டக்காரர்கள் பெருந்திரளாகக் கையொப்பமிட்டு முறையிட்டனர், பயனில்லை. கொடுக்கும் பணம் கூடியது. பெறும் உரிமை குறைந்தது. உரிமைத்தொகை என்னும் சமாதானம் இங்கு எடுபடாது. வாங்குவோர் கொடுப்பர் என்று விற்போர் கணித்தனர், அக்கணிப்புப் பலித்தது. அவ்வளவே.

இரண்டாவது, 2019இல் வந்த ‘மெட்ரோ எக்சோடஸ்’. 2018 டிசம்பரில் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஒரு புதிய இணையக் கடை திறந்து, தனக்கு 12 விழுக்காடே போதும் என்றது. மெட்ரோ எக்சோடசின் வெளியீட்டாளர் ஸ்டீமை விட்டு அக்கடைக்கு மாறி, அமெரிக்காவில் விலையை 60 டாலரிலிருந்து 50 டாலராகக் குறைத்தார்.

இக்கணக்கை ஐந்தாம் வகுப்பு மாணாக்கனும் போட்டுவிடலாம். 60 டாலரில் 30 விழுக்காடு போக வெளியீட்டாளர்க்கு எஞ்சுவது 42 டாலர். 50 டாலரில் 12 விழுக்காடு போக எஞ்சுவது 44 டாலர். வாங்குவோனுக்குப் பத்து டாலர் மிச்சம். வெளியீட்டாளர்க்கு இரண்டு டாலர் கூடுதல். இழந்தவர் இடையில் நின்ற கடைக்காரர் மட்டுமே. விலையைக் குறைத்தால் படைப்போர் பட்டினி கிடப்பர் என்று அஞ்சுவோர் இக்கணக்கை ஒருமுறை நோக்குக.

ஆனால் இந்த நன்னிகழ்ச்சி வழக்கமாக வேரூன்றவில்லை. அதே 12 விழுக்காட்டுக் கடையில் எத்தனையோ விளையாட்டுகள் 60 டாலருக்கே விற்கப்பட்டன. அவ்விலையில் வெளியீட்டாளர்க்கு எஞ்சுவது ஏறத்தாழ 53 டாலர். மிச்சமான பதினொரு டாலரும் அவர் பையிலேயே தங்கியது. வாங்குவோனுக்கு வந்து சேரவில்லை. வேறு கடைகளில் மலிவாக விற்பதை ஸ்டீம் தடுக்கிறது என்று குற்றஞ்சாட்டி 2021இல் அமெரிக்காவில் வால்வ் மீது ஒரு வழக்கும் தொடுக்கப்பட்டது. 2024 நவம்பரில் நீதிமன்றம் அதனைக் கூட்டு வழக்காக ஏற்றது. குற்றச்சாட்டின் உண்மையை உரைப்பது நீதிமன்றத்தின் பணி. செலவு குறைந்தால் விலை தானே குறையும் என்னும் நம்பிக்கை மட்டும் தவறானது என்பதை உரைப்பதற்கு நீதிமன்றம் வேண்டுவதில்லை. செலவு விலையின் தாழ்ந்த எல்லையைக் காட்டும்; உயர்ந்த எல்லையை வகுப்பது போட்டியும் வாங்குவோரின் பொறுமையுமே.

கணினிக்காரர் பேசும் வேறு நியாயங்கள்

உரிமைத்தொகை வாதம் தளர்ந்ததனால் வழக்கே தோற்றுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. கணினிக்காரர்க்கு இன்னும் மூன்று நியாயங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் எடை போடுவோம்.

ஒன்று: ‘கருவிச் செலவு முழுவதையும் நாங்களே ஏற்கிறோம்’ என்பது. உண்மையே. 2022இல் வெளியான உயர்தரக் கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றின் விலை 1,599 டாலர். அதாவது பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது அதற்கிருந்த விலையின் மும்மடங்குக்கு மேல். ஆனால் அத்தகைய அட்டை ஆடம்பரக்காரர்க்கே உரியது. மேலும், கணினியில் பிள்ளை பாடம் படிக்கிறான். தமக்கை விண்ணப்பம் எழுதுகிறாள். தந்தை கணக்குப் பார்க்கிறார். அதன் முழு விலையையும் விளையாட்டின் பற்றில் எழுதுவது நேர்மையான கணக்கன்று. அன்றியும், கணினியில் இணையத்தின்வழிப் பலரோடு ஆடுவதற்குப் பொதுவாகத் தனிக் கட்டணமில்லை. பிளேஸ்டேஷனில் 2013 முதலும், நிண்டெண்டோ சுவிட்சில் 2018 முதலும் பெரும்பாலான விளையாட்டுகளை அவ்வாறு ஆடுவதற்குச் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. எனவே இந்நியாயத்தில் இரு தட்டுகளும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கின்றன.

இரண்டு: ‘எங்களுக்குக் குறைபட்ட சரக்குத் தருகிறார்கள்’ என்பது. 2015 ஜூனில் ‘பேட்மன்: ஆர்க்கம் நைட்’ விளையாட்டின் கணினிப் பதிப்பு ஓடமாட்டாமல் தடுமாறியது, சில நாட்களிலேயே விற்பனை நிறுத்தப்பட்டு, அக்டோபரில்தான் திரும்பி வந்தது. கன்சோல் பதிப்போ செவ்வனே ஓடியது. 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதற்பாகத்தின் கணினிப் பதிப்பும் குறைகளோடு வந்து, திருத்தத்தின்மேல் திருத்தம் கண்டது. ஆனால் 2020 டிசம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’ இதற்கு நேர்மாறு. கணினியில் ஆடியவர் ஓரளவு மகிழ்ந்தனர். பழைய பிளேஸ்டேஷன் 4 பெட்டியில் ஆடியவரோ அல்லற்பட்டனர். சோனி தன் கடையிலிருந்தே அதனை நீக்கி, 2021 ஜூனில்தான் மீண்டும் சேர்த்தது. ஆகவே குறைபட்ட சரக்கு என்பது கணினியின் தலைவிதியன்று. அவசரப்பட்டு விற்போரின் குணம். அதற்கு மருந்து, எல்லாக் கணினிப் பதிப்புக்கும் பத்து டாலர் தள்ளுபடி கொடுப்பதன்று. பழுதுபட்டதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் உரிமையே மருந்து. 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாதிருந்தால் பணம் திரும்பும் என்னும் விதியை ஸ்டீம் 2015 ஜூனில் கொண்டுவந்தது. அத்தகைய விதி எல்லாக் கடைகளிலும் அதே தாராளத்துடன் இல்லை.

மூன்று: ‘வாங்கியதை நாங்கள் விற்க முடியாது’ என்பது. மூன்றனுள் வலிமை மிக்கது இதுவே. கன்சோல் விளையாட்டைத் தட்டாக வாங்கியவன் ஆடி முடித்தபின் அதனை நண்பனுக்குக் கொடுக்கலாம், தம்பிக்கு விட்டுச்செல்லலாம், பழைய சரக்குக் கடையில் விற்று ஒரு பகுதிப் பணத்தை மீட்கலாம். 60 டாலருக்கு வாங்கி 30 டாலருக்கு விற்றவனுக்கு அவ்விளையாட்டின் மெய்யான செலவு 30 டாலரே. கணினிக்காரனுக்கு அவ்வழி அடைக்கப்பட்டுள்ளது. பிரான்சில் நுகர்வோர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், ஸ்டீமில் வாங்கியதை மறுவிற்பனை செய்யலாம் என்று 2019இல் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிவிட்டது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமோ, வாங்குவது பொருளையன்று, உரிமத்தையே என்பதைக் கடைகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்கிறது. வாங்கு என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்துகிறவன் உண்மையில் வாடகைக்காரனே என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆனால் இந்த நியாயத்தை ஊன்றி நோக்கின், வழக்கின் எல்லையே இடம்பெயர்வதைக் காணலாம். இன்று கன்சோல்காரர் பலரும் தட்டு வாங்குவதில்லை, இணையத்தின்வழியே இறக்கிக்கொள்கின்றனர். 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பெட்டியில் தட்டுப் போடும் வாயிலே இல்லை. அவர்களும் விற்க இயலாதவர்களே. அவர்களும் முழு விலை கொடுப்பவர்களே. ஆகவே மெய்யான பிரிவு கணினிக்கும் கன்சோலுக்கும் இடையில் இல்லை. கையில் உரிமையோடு வைத்திருக்கும் பொருளுக்கும், எசமானர் இசைவு உள்ளவரை பயன்படுத்தும் அனுமதிச் சீட்டுக்கும் இடையில்தான் உள்ளது. ‘கணினி விளையாட்டுக்கு விலை குறைய வேண்டும்’ என்னும் கோரிக்கையைத் திருத்தி, ‘விற்கவும் கொடுக்கவும் இயலாத விளையாட்டுக்கு விலை குறைய வேண்டும்’ என்று கேட்டால், அதற்கு மறுமொழி சொல்வது விற்போர்க்கு அரிது.

நம் நாட்டுக் கணக்கு

2020இல் புதிய பெட்டிகள் வந்தபோது கன்சோல் விளையாட்டுகள் 70 டாலருக்கு ஏறின. இம்முறை கணினி பின்தங்கவில்லை. 2021 இறுதியிலும் 2022இலும் 70 டாலர் கணினி விளையாட்டுகள் வரத் தொடங்கின. 2025 ஜூனில் நிண்டெண்டோ தன் ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ விளையாட்டுக்கு 80 டாலர் வைத்தது. அதே ஆண்டு மைக்ரோசாப்டும் 80 டாலர் என அறிவித்து, வாங்குவோர் முணுமுணுக்கவே ஜூலையில் 70 டாலருக்கு இறங்கிவந்தது. முணுமுணுப்புக்கும் பயனுண்டு என்பதற்கு இது சான்று.

இவ்விலைகளை மலேசிய வெள்ளிக்கு மாற்றிப் பார்ப்போம். 2025இல் ஒரு டாலர் நான்கு வெள்ளிக்கு மேல் விற்றது. எனவே 70 டாலர் என்பது 280 வெள்ளிக்கு மேல். இதன்மேல் அயல்நாட்டு மின்னியல் சேவைக்குரிய வரி 2020இல் 6 விழுக்காடாகத் தொடங்கி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு ஆயிற்று. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. 2025இல் மலேசியாவில் குறைந்த அளவுச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆயிற்று. மாதத்துக்கு 26 வேலை நாளென்று கொண்டால், நாட்கூலி ஏறத்தாழ 65 வெள்ளி. அமெரிக்க விலையை அப்படியே பெயர்த்து வைத்தால், ஒரு விளையாட்டுக்கு நான்கு நாள் கூலிக்கு மேல் கொடுக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை வைக்கும் வசதி ஸ்டீமில் உண்டு. நம் வெள்ளியிலேயே விலை காட்டப்படுகிறது. அவ்வசதியைப் பயன்படுத்தி நம் வருவாய்க்கேற்ப விலை வைக்கும் வெளியீட்டாளரும் உளர். டாலரைப் பெருக்கிப் போட்டுவிட்டு வாளாவிருப்போரும் உளர். கணினிக்கும் கன்சோலுக்கும் உள்ள பத்து டாலர் வேறுபாட்டினும், நம் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடே பெரிது. ஒரு காலத்தில் இந்நாட்டு இரவுச் சந்தைகளில் திருட்டுத் தட்டுகள் மலிந்து கிடந்ததும், 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவர நேர்ந்ததும் நாமறிந்தவை. திருட்டு திருட்டே, அதற்குச் சமாதானம் கூறுதல் ஆசிரியர் தொழிலுக்கு அழகன்று. ஆயினும் எட்டாத விலை திருட்டுக்கு ஏணி வைத்துக் கொடுக்கிறது என்பதும் மறைக்கத்தக்க உண்மையன்று.

முடிவு

ஆராய்ந்தவற்றைத் தொகுத்துக் கூறின்: கணினி விளையாட்டு என்னும் காரணம் ஒன்றைக்கொண்டே விலைக்குறைப்புக் கேட்கும் உரிமை, கார்ட்ரிட்ஜோடு கழிந்துபோன பழைய உரிமை. விளையாட்டை உருவாக்கும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றே; ஆயிரம் வகைக் கணினிகளில் ஓடச்செய்து பார்க்கும் உழைப்போ கணினிக்கே மிகுதி. அவ்வுழைப்புக்குக் கூலி கொடாமல் மலிவு கேட்பது, பிறர் வியர்வையில் மலிவு கேட்பதாகும். உழைத்து வாழ்ந்த பரம்பரையினர் அதனைச் செய்யலாகாது.

ஆனால், கடைக்காரரின் பங்கு குறையும் இடத்தில் அக்குறைவின் ஒரு பகுதி வாங்குவோனைச் சேர வேண்டும். மெட்ரோ எக்சோடஸ் காட்டிய வழி இது. விற்கவும் கொடுக்கவும் உரிமையில்லாத பதிப்பு, உரிமையுள்ள பதிப்பினும் மலிவாக இருத்தல் வேண்டும். பழுதுபட்ட சரக்குக்குப் பணம் திரும்ப வேண்டும். நாட்டின் கூலிக்கேற்ப விலை அமைய வேண்டும். இந்நான்கும் கணினிக்கும் கன்சோலுக்கும் பொதுவான நீதிகள்.

பெற்றோர்க்கு ஒரு சொல். வெளியான நாளன்றே வாங்க வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிப்பான். ஓராண்டு பொறுத்தால் அதே விளையாட்டு, திருத்தங்கள் பல பெற்று, பெரும்பாலும் பாதி விலைக்குக் கழிவு விற்பனையில் வரும். கணினிக் கடைகளில் இவ்விற்பனை ஆண்டுதோறும் பலமுறை நடக்கிறது. விற்போரின் பேராசைக்கு எதிராக நம்மிடம் உள்ள கருவிகளுள் காசு செலவில்லாதது பொறுமை. அதனைப் பிள்ளைக்குப் பழக்கிவிட்டால், விளையாட்டினாலும் ஒரு பாடம் கற்பித்தவர் ஆவோம்.